காய்ச்சல் நின்ற வாரங்கள்

தோல் புற்றுநோய் என்று தலைப்புப் போட்டு ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். கடற்கரை, குப்புறப் படுத்திருக்கும் ஒரு வெள்ளைக்காரி, அவள் முதுகில் சாந்துப்பொட்டு அளவில் ஒரு கறுப்பு. வெயிலில் கிடக்காதீர்கள், தொப்பி போடுங்கள் என்று கீழே புத்திமதி. அந்தப் படத்துக்கு நேர் கீழே, வாங்குப் பலகையில், என் மாமா உட்கார்ந்திருந்தார். பிறந்ததிலிருந்து அக்கரப்பத்தனைப் பனிக்குள்ளேயே கிடந்த மனிதர். பாதி வருஷம் அவருடைய நிழல்கூட அவருக்குக் கிடைத்ததில்லை. அவருடைய கறுப்பு உள்ளங்காலில் இருந்தது. வெயில் ஒருநாளும் எட்டிப் பார்க்காத இடத்தில்.

“என்னா டீச்சர், கடக்கரையில போய்ப் படுத்தாத்தான் இது வருமாம். நான் எப்பப் போய்ப் படுத்தேன்?”

மாமா என் அம்மாவின் தம்பி. நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த நாளிலிருந்து மருமகளே என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். டீச்சர் என்பார். மேலே மரியாதை மிதக்கும், அடியில் கேலி கிடக்கும். எனக்குச் சிங்களமும் கொஞ்சம் இங்கிலீசும் தெரியும் என்பதால் அவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வேலை என் தலையில். தொண்ணூறுகளின் கடைசி, யுத்த காலம். தலவாக்கலையில் ரயில் ஏறிப் போய்த் திரும்புவதற்குள் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி அதன் ஓரமெல்லாம் பிய்ந்துபோன காலம்.

பனிக்காட்டில் வெறுங்காலோடு நிற்கிற ஒருவரைப் பார்த்துத் தொப்பி போடு என்று சொல்லும் அறிவை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. எங்களைப் போலக் கறுத்த தோல்காரர்களுக்கு இந்த நோய் வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலில் வரும், உள்ளங்கையில் வரும், நகத்துக்கு அடியில் வரும். அதை எழுத அந்தச் சுவரில் இடமா இல்லை? சுவர் முழுக்க இடம். ஈரம் ஊறிய, பச்சை வண்ணம் உரிந்த, வெறும் இடம்.

ஆனால் சுவரை மட்டும் திட்டி என்ன. எங்கள் ஆட்களின் கெட்டித்தனத்தையும் சொல்ல வேண்டும்.

மாமா கவ்வாத்துக்காரர். முற்றிப்போன தேயிலைச் செடியைக் கத்தியால் தாழ வெட்டித் தள்ளுவதுதான் கவ்வாத்து. வெட்டி முடித்த மலை தீப்பிடித்து அணைந்ததுபோல் கிடக்கும். பிறகு ஒரு மழை, கொஞ்சம் பொறுமை, கட்டை முழுக்கப் பச்சை மூக்குகள் எட்டிப் பார்க்கும். இதையே ஆயுள் முழுக்கச் செய்த மனிதர், தன் உள்ளங்காலில் கறுப்பாய் ஒன்று கிளம்பியபோது என்ன செய்தார்? முதலில் அட்டை கடித்த தழும்பு என்றார். பிறகு ஆணி என்றார். சுடுதண்ணீரில் காலை ஊறவைத்து, கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி, செடிக்குப் பிடிக்கும் அதே சாய்வில் பிடித்து ஒரே இழுப்பில் சீவி எறிந்தார். மறுபடி வந்தது. மறுபடி சீவினார். “வெட்டுனாத் துளிர்க்கத்தானேடி செய்யும்” என்று அத்தையிடம் பெருமை வேறு. அந்த நேர்த்தியைப் பார்த்து எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இன்னும் இரண்டு பேர் தங்கள் ஆணியைச் சீவச் சொல்லி அவரிடம் காலை நீட்டினார்கள். செடியிடம் படித்ததைத் தசையிடம் காட்டுகிறோமே என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. தொடை இடுக்கில் நெறி கட்டி எலுமிச்சங்காய்போல் உருண்ட பிறகும் தோட்டத்து மருந்துக்காரர் தன் சிவப்புத் தண்ணீர் மருந்தைத்தான் போத்தலில் ஊற்றிக் கொடுத்தார். வயிற்றுவலிக்கும் அதுதான், இருமலுக்கும் அதுதான், மனக்கவலைக்கும் அதுதான்.

பெரியாஸ்பத்திரியில் காலிலும் இடுக்கிலும் வெட்டி எடுத்தார்கள். நெஞ்சுப் படத்தில் அதற்குள் நிழல் விழுந்திருந்தது. எங்களைப் பார்த்த டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வெளிநாட்டில் படித்துவிட்டு எதற்காகவோ திரும்பி வந்தவர். எங்களைவிட அதிகமாக அடையாள அட்டை காட்டியவர் அவராகத்தான் இருப்பார்.

“வெட்டினதாலதான் பரவினது எண்டு சொல்ல ஏலாது. பிந்தி வந்ததுதான் பிழை,” என்றார். “இனி ஒரு ஊசி இருக்கு. இது நஞ்சு மருந்தில்லை. எங்கட உடம்பே செய்யிற சாமான்தான். ஒரு கலத்துக்குள்ள கிருமி வந்தால் அது பக்கத்துக் கலங்களுக்குச் சொல்லி அனுப்பும். அந்தச் சேதியைத்தான் நாங்கள் வெளியில இருந்து ஏத்திறம். விளங்குதோ?”

“சேதிய ஊசியில ஏத்துறீங்க. யாருக்குங்க சேதி?” என்றார் மாமா.

டொக்டர் எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டார். அது கலம். அதன் ஓரத்தில் ஒரு வாசல். வாசலுக்கு உள்ளே சில புள்ளிகள். அவைதான் சமிக்ஞைப் புரதங்கள் என்றார். சேதி வாசலைத் தொட்டதும் அந்தப் புரதத்துக்கு ஒரு சின்னப் பொட்டு வைக்கப்படும். பொட்டு வைத்த இரண்டு பேர் கைகோத்துக்கொண்டு கலத்தின் உள்ளறைக்குப் போவார்கள். அங்கே கட்டளைகள் திறக்கும்.

“இதில ஒண்டாம் நம்பர், மூண்டாம் நம்பர் எண்டு ரெண்டு முக்கியமான ஆக்கள். ஒண்டு உள்ளுக்குப் போனால், வளராதே, உன்ர முகத்தைக் காவல்காரருக்குக் காட்டு எண்டு கட்டளை. மூண்டு போனால், வளரு, ஒளிச்சிரு எண்டு கட்டளை. இந்தப் புற்றுநோய் வருத்தத்தில மூண்டுதான் ஓயாமல் போய்வருது. ஊசி போட்டால் ஒண்டு கூடவேணும், மூண்டு குறையவேணும்.”

“லயத்துக்கு நம்பர் போட்ட மாதிரியில்ல இருக்கு,” என்றார் மாமா. “எங்க லயத்துலயும் மூணாம் நம்பர்க்காரந்தாங்க குடிகாரன்.”

டொக்டர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. “அடுத்த கவ்வாத்துக்கு நான் மலைக்குப் போவேனாங்க?”

அவர் கேட்டது ஃபேக்டரிக்கு மேலே இருக்கும் சரிவைப் பற்றி. அதைப் போன சுற்றில் வெட்டியவர் அவர்தான். அடுத்த சுற்றுக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தது. டொக்டர் எக்ஸ்ரே உறையைத் திருப்பி வைத்தார். கன பேருக்கு இது வேலை செய்யிறேல்லை என்றார். சிலருக்குச் செய்யும் என்றார். அந்தப் புரதங்கள் உள்ளே போயினவா என்று பார்க்க இங்கே வசதியில்லை, வெளிநாட்டில் சில இடங்களில் ரத்தத்தை எடுத்துப் பார்க்கிறார்கள் என்றார்.

“எங்களுக்குக் காய்ச்சல்தான் அடையாளம். ஊசி போட்டு ஒரு சில மணித்தியாலத்தில நடுங்கிக் காய்ச்சல் வரும். வந்தால் மருந்து உயிரோட இருக்கு எண்டு அர்த்தம். வருத்தம் சுகமாகுது எண்டு அர்த்தமில்லை. ரெண்டையும் குழப்பக்கூடாது. மற்றது, மருந்து குளிரில இருக்கவேணும். ஆனால் உறையக் கூடாது. உறைஞ்சால் புரதம் பழுது. தண்ணியும் அதுவும் ஒண்டு.”

வெளியே வரும்போது தாதி ஒரு துண்டுத்தாள் கொடுத்தாள். உங்கள் உடலின் இராணுவத்தைத் தட்டி எழுப்புங்கள் என்று அதில் அச்சடித்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் மணல்மூட்டை, மணல்மூட்டைக்குப் பின்னால் துவக்கு, துவக்குக்குப் பின்னால் தூக்கம் கலையாத ஒரு பையன். ஒரு மனிதரின் எலும்புக்குள்ளாவது ராணுவம் இல்லாமல் இருக்கக் கூடாதா? இந்த நாட்டில் எவனுக்கும் வேறு உவமை வராது. நான் அந்தத் தாளை ரயில் ஜன்னலுக்கு வெளியே விட்டேன். அது தலவாக்கலை வருவதற்கு முன் ஏதோ ஒரு தேயிலைத் தூரில் போய் ஒட்டிக்கொண்டது.

குளிர். மலையில் இல்லாத குளிரா? ஆனால் மாரிக் குளிருக்கும் பெட்டிக் குளிருக்கும் வித்தியாசம் உண்டு. பனி பெய்யும் அதே நாளில் மத்தியானம் கூரைத் தகரம் கொதிக்கும். டிஸ்பென்சரியில் இருந்த குளிர்ப்பெட்டி செத்து, மருந்துக்காரர் அதற்குள் பழைய பேப்பர் அடுக்கியிருந்தார். லயத்தில் எவர் வீட்டிலும் கிடையாது. மிச்சம் இருந்தது தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களா. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் போய்க் கேட்டார், துரை சம்மதித்தார். சம்மதித்த கதையைத் தலைவர் பெரட்டுக் களத்தில் வைத்து, காலையில் வேலைக்குக் கூடிய அத்தனை பேருக்கும் சொன்னார். ஒரு குளிர்ப்பெட்டியில் உள்ளங்கை அளவு இடம் கொடுத்ததற்கு இவ்வளவு புகழ் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் துரை முன்பே எங்களுக்கெல்லாம் புற்றுநோய் வரப் பிரார்த்தித்திருப்பார்.

பங்களாவின் அப்புவிடம், அதாவது சமையற்காரரிடம், மருந்துக் குப்பிகளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். உறையக் கூடாது, மேல் அறையில் வைக்கக் கூடாது என்று சொன்னேன். “எனக்குத் தெரியாததாங்க டீச்சர்,” என்று வெள்ளைத் துணியில் சுற்றி இரண்டு கையாலும் வாங்கினார். கோயில் பிரசாதம் வாங்குவதுபோல.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊசி. அப்பு குப்பியைக் கொண்டுவருவார், மருந்துக்காரர் போடுவார். முதல் ஊசிக்கே அந்திக்குள் நடுக்கம் வந்தது. கட்டில் கால் சிமெந்துத் தரையில் தாளம் போட்டது. வீட்டில் இருந்த கம்பளியெல்லாம் போட்டும் போதாமல் அத்தை, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் தன் படங்கையும் மேலே போர்த்தினாள்.

“ஒண்ணாம் நம்பர் போறான்டி… கதவத் தெறந்து உடு,” என்று பல் கிட்டக்கிட்டச் சொன்னார் மாமா.

“வாய மூடுங்க. நல்லாருந்த மனுசனுக்கு டீச்சரும் டொக்டரும் சேந்து காச்சல வாங்கியாந்து குடுத்திருக்காங்க.”

அத்தைக்கு அதை விளக்க நான் செய்த முயற்சியெல்லாம் வீண். மலையில் நிற்கும் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் வேலைக் கணக்கில் பேர் விழாத நாள், கூலி இல்லாத நாள், பிள்ளை செத்த நாள். காய்ச்சல் நல்லது என்று ஒருத்தி வந்து சொன்னால் அவள் படித்துக் கெட்டுப்போனவள். வாரங்கள் போயின. மாமாவுக்குச் சோறு இரும்பாய்க் கசந்தது. எலும்பெல்லாம் குடைந்தது. பகடி செத்தது. சுவரைப் பார்த்துப் படுத்தால் அப்படியே கிடப்பார். பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கொத்தமல்லி, முள்ளம்பன்றிக் குடல், பூண்டுலோயாவில் கயிறு மந்திரிப்பவர். வந்து, சொல்லி, தேத்தண்ணி குடித்து, ஏலாது போல இருக்கு என்று வாசலில் நின்று சத்தமாகக் கிசுகிசுத்துவிட்டுப் போனார்கள். இந்தக் கரிசனத்தை விட நோய் நாகரிகமானது. அது சத்தம் போடாமல் வந்தது.

பிறகு ஒரு ஊசிக்குக் காய்ச்சல் வரவில்லை.

அந்தி வந்தது, விளக்கு வைத்தார்கள், கட்டில் ஆடவில்லை. அடுத்த ஊசிக்கும் இல்லை. அதற்கடுத்ததுக்கும் இல்லை. மாமா எழுந்து உட்கார்ந்து ரொட்டியும் கட்டைச் சம்பலும் கேட்டார். ஒரு கம்பை ஊன்றி நொண்டிக்கொண்டே ஃபேக்டரிக்கு மேலே இருக்கும் அந்தச் சரிவுவரை போய், செடிகளின் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றாம் நம்பர்க்காரனைக் கூப்பிட்டு வைத்துக் கிண்டலடித்தார். அத்தை பல வருஷத்துக்குப் பிறகு தலையில் பூ வைத்தாள். காய்ச்சல் போனால் நோய் போயிற்று. இதைவிடத் தெளிவான கணக்கு உண்டா? மாரியம்மனுக்குப் பொங்கல். தலைவர் தன் பங்கைச் சொன்னார், துரை தன் பங்கைச் சிரித்துத் தலையசைத்து ஒத்துக்கொண்டார், மருந்துக்காரர் தன் கை ராசி என்றார். எல்லோரையும் விட அப்பு. “நம்ம பொட்டி சும்மா பொட்டியா? வெள்ளைக்காரத் தொர காலத்துலருந்து இருக்குற பங்களா குளிருங்க அது” என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். பாவம், அந்தப் பெட்டி இவருக்கு முந்தின துரை கொழும்பில் வாங்கியது.

நான் மட்டும் பொங்கலை வாயில் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் இருந்தேன். சந்தோஷத்தைக் கண்டால் முறைக்கிற முகம் என்று அத்தை என்னைச் சொல்வாள். இருக்கட்டும்.

மிச்ச மருந்து வாங்க நான் தனியாகப் போனபோது டொக்டரிடம் சொன்னேன். அவர் பேனையை மூடினார்.

“மெல்ல மெல்லக் குறைஞ்சதோ, ஒரேயடியா நிண்டதோ?”

“ஒரேயடியா.”

“உடம்பு பழகினால் மெல்லத்தான் குறையும். மருந்தை எங்க வைக்கிறியள்?”

ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் புதுக் குப்பிகளோடு ரயிலும் பஸ்ஸும் மாறி நேராகப் பங்களாக் குசினிக்குப் போனேன். அப்பு முகம் மலர்ந்து பெட்டியைத் திறந்தார். கீழ் அறையை அல்ல. மேலே, பனி உறைந்து வெள்ளையாய் மூச்சுவிடும் அறையை. அதற்குள் துரையின் நாய்களுக்கு வாங்கிய இறைச்சிப் பைகள். அந்தப் பைகளுக்கு நடுவில், அதே வெள்ளைத் துணியில், என் மாமாவின் குப்பிகள். கல்லாக.

“தொரசாணி பாத்துட்டாங்க டீச்சர். லயத்து ஆளோட நோவு மருந்து வெண்ணெய்க்குப் பக்கத்துல இருக்கக் கூடாதுன்னுட்டாங்க. தூக்கி வெளிய வைக்கச் சொன்னாங்க. நான் உடுவேனா? அவங்களுக்குத் தெரியாம, இன்னும் நல்ல குளிர்ல வச்சேன். குடுக்குற அன்னிக்கு அடுப்போரம் கொஞ்சம் வச்சு எடுத்தா, பச்சத் தண்ணியாட்டம் ஆயிருது.”

பச்சைத் தண்ணீராகத்தான் ஆகியிருந்தது. வாசலைத் தொட வேண்டிய சேதி நாய்க்கறிப் பையோடு ஒட்டிக்கொண்டு செத்துப்போயிருந்தது. பொட்டு வைக்க ஆளில்லை. உள்ளறைக்கு எவரும் போகவில்லை. மூன்றாம் நம்பர் மட்டும் வாரக்கணக்கில் தன்னிஷ்டத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தது. ஒரு பெண்ணின் வெண்ணெய்க் கௌரவம், ஒரு வேலைக்காரரின் விசுவாசம். இரண்டும் சேர்ந்தால் எதையும் கொல்லலாம் போலிருக்கிறது.

அன்று பின்னேரமே மாமாவிடமும் அத்தையிடமும் சொன்னேன். மாமா தன் காலில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார்.

“நாய்க்குப் போடுற கறியோடயா?”

“ஆமாங்க மாமா.”

“தண்ணி ஊசியப் போட்டுக்கிட்டா பொங்கல் தின்னேன்?” சிரிப்பு வந்தது அவருக்கு. வயிறு குலுங்கியது. “என்னைய மாதிரி மடையன் இந்த டிவிசன்ல உண்டாடி?”

அத்தை என் கையிலிருந்த பிளாஸ்க்கைப் பிடித்து இழுத்தாள். “இது வேணாம். தண்ணியோ வெண்ணியோ, அந்த மனுசன் சிரிச்சாரு, சோறு தின்னாரு, மலைக்குப் போனாரு. நீ கொண்டாந்திருக்கியே இது, இதுல காச்சல் மட்டுந்தான் இருக்கு. வேறென்னா இருக்கு? சொல்லு டீச்சர், வேறென்னா இருக்கு?”

டொக்டர் சொன்னதைச் சொல்லலாம்: சிலருக்குச் செய்யும். அவ்வளவுதான் என்னிடம் இருந்தது. ஒரு ‘சிலருக்கு’.

“குடுத்துர்றி,” என்றார் மாமா. “அது பொய்ச் சொகம்டி. மலைக்குக் கத்தியோட போவணும். கம்போட போயி என்னாத்துக்கு?” பிறகு என்னிடம் திரும்பினார். “டீச்சர், அப்புகிட்ட வாயத் தெறக்காத. பெட்டியில எடமில்ல, வேற எடத்துல வச்சுக்கிறோம்னு சொல்லிரு. மனுசன் தெரிஞ்சா உசுர விட்டுருவான்.”

எனக்கு ஆத்திரம். பங்களாவாசலில் நின்று கத்த வேண்டும் என்று நாக்கு துடித்தது. ஆனால் சாகப் போகிறவர் கட்டளை போட்டுவிட்டார்.

புதுக் குப்பிகளை டவுனில் சோடா விற்கும் கடையின் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். ஊசி நாளில் நானே போய் எடுத்து வந்தேன். கடைக்காரர் வெண்ணெய்க்குப் பக்கத்திலேயே வைத்தார். அவருடைய வெண்ணெய் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. காய்ச்சல் திரும்பி வந்தது. கட்டில் பழைய தாளத்தைப் பிடித்தது. மருந்து உயிரோடு இருந்தது. அத்தை பூவை எடுத்து எறிந்துவிட்டு, என்னோடு பேசாமல், கம்பளியை மட்டும் போர்த்தினாள்.

அடுத்த நெஞ்சுப் படத்தில் நிழல்கள் பெரிதாகியிருந்தன. டொக்டர் இந்தமுறை வட்டம் எதுவும் போடவில்லை. ரத்தத்தில் சேதி போயிருக்கும், காய்ச்சல் அதற்குச் சாட்சி, கட்டிக்குள்ளே கேட்கவில்லை போலும் என்றார். அந்த வாரங்கள் பழுதாகாமல் இருந்திருந்தால்? நான் கேட்டேன். “தெரியேல்லை தங்கச்சி. இருந்தாலும் இப்பிடித்தான் முடிஞ்சிருக்கும் எண்டுதான் நினைக்கிறன். ஆனால் தெரியேல்லை.” இந்தப் பதிலுக்காக அவரை வெறுக்க முயன்றேன்; முடியவில்லை. நான் வெறுக்க முடியாமல் போன ஒரே அதிகாரி அவர்.

சரிவைக் கவ்வாத்துப் பண்ணியபோது மாமா இல்லை. வேறு ஆட்கள் வெட்டினார்கள். மோசமாக வெட்டினார்கள். இருந்தும் துளிர்த்தது. அந்த வெட்கம்கெட்ட செடிக்கு எல்லாரும் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு இந்தப் புரதங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். கொழும்பு நூலகங்களில் போய் உட்கார்ந்து, பாதி விளங்கி, பாதி விளங்காமல். ஊசிக்குப் பிறகு ரத்தத்தின் காவல் கலங்களில் ஒன்றாம் நம்பர் பளிச்சென்று விழிக்கும், ஆனால் கட்டியின் கலங்கள் பலருக்குச் செவிடாகவே கிடக்கும் என்பது விளங்கியது. செவிட்டு வாசல்களை நான் முன்பே பார்த்திருந்தேன். அதற்கு நுண்ணோக்கி தேவைப்படவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களுக்குப் பிறகு, தலவாக்கலை பஸ்ஸில் அப்பு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பங்களாவை விட்டு நின்றுவிட்டார். பல் போயிருந்தது, பெருமை போகவில்லை.

“நம்ம பொட்டியில மருந்து இருந்தவரைக்கும் மாமா எப்புடி இருந்தாரு, பாத்தீங்கதானே டீச்சர்? மலைக்கெல்லாம் போனாரு. நீங்க எடுத்துட்டுப் போனீங்க, மனுசன் படுத்தவருதான்.”

பஸ் வளைவில் சாய்ந்தது. நாக்கின் நுனியில் எல்லாம் இருந்தது: இறைச்சிப் பை, வெண்ணெய், பொட்டு, வாசல். ஒரே வாக்கியம் போதும், அந்தக் கிழவரின் மிச்ச ஆயுளைக் கவ்வாத்துப் பண்ணிவிடலாம். ஆனால் மாமாவின் கட்டளையைவிடக் கேவலமான ஒன்று என் வாயை அடைத்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மாமா சிரித்த கடைசி வாரங்கள் அவருடைய பெட்டியிலிருந்து வந்தவைதான்.

“ஆமாங்க,” என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் திருப்தியாக வெற்றிலையை எடுத்து மடித்தார்.